எண்ணத் தவறிய ஒரு சீட்டு

இம்தியாஸ் தன் வாழ்நாளில் எத்தனையோ ஏழு வினாடிகளைத் தொலைத்திருக்கிறான். பஸ்ஸில் தொலைத்திருக்கிறான், பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பயானில் தொலைத்திருக்கிறான், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் தொலைத்திருக்கிறான். அவற்றுக்கெல்லாம் யாரும் அவனிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டதில்லை. இருகரை வாசகர் சங்கத் தேர்தலில் தொலைத்த ஏழு வினாடிகளுக்குத்தான் இரண்டு பிரதிகளில் கேட்டார்கள்.

அது ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு. தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் சங்கத்தின் நூலகம் இருந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் இம்தியாஸ் பொத்தானை அழுத்தினான். இயந்திரம் பீப் என்றது. பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குள் விளக்கு எரிந்தது. அந்த ஜன்னலில் ஒரு சீட்டு ஏழு வினாடி நின்று, உன் வாக்கு இன்னாருக்கு விழுந்தது என்று காட்டிவிட்டு, வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் விழும். வாக்காளர் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் விளக்கெரியும் சின்ன ஜன்னலைக் கண்டதும் இம்தியாஸுக்குப் பனி கொட்டும் சமவெளியில் போகும் ஒரு ரயில் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வெளியே நூற்றுநான்கு டிகிரி வெயில். உள்ளே ரயில் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு கம்பளிக் கோட்டு போட்ட ஒரு பெண். அவள் எந்த ஊரில் இறங்குவாள் என்று அவன் தீர்மானிப்பதற்குள் விளக்கு அணைந்து சீட்டு விழுந்துவிட்டது.

இம்தியாஸுக்கு இருபத்துநாலு வயது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாமா காஜா மைதீன் நடத்தும் ஜெராக்ஸ், லேமினேஷன் கடையில் வேலை. ஆதார் அட்டைகளுக்கு நடுவில் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளினான். ஸ்வெட்டர் என்று ஒன்றை உடம்பில் போட்டதே இல்லை. பனியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் யாரும் நினைப்பதில்லை, எல்லோரும் எண்ணுகிறார்கள். நாளடைவில் அவனும் எண்ணத் தொடங்கியிருந்தான். ஒருநாள் கடையில், "ரொம்ப நேரமா எண்ணிக்கிட்டே இருக்கேன் மாமா" என்றான்.

"எத்தனை இருக்கு?" என்றார் காஜா மைதீன்.

சங்கம் இயந்திரம் வாங்கியதற்கு ஒரு சரித்திரம் உண்டு. போன தேர்தல் வரை அச்சடித்த வாக்குச் சீட்டுதான். ஆனால் வாக்காளர்கள் அனைவரும் வாசகர்கள். அச்சடித்த காகிதத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருவர் சீட்டில் இருந்த ஒற்றுப்பிழைகளைத் திருத்தினார். ஒருவர் ஓரத்தில் 'இரண்டாம் வேட்பாளரின் பெயர் நம்பும்படி இல்லை' என்று குறிப்பெழுதினார். இம்தியாஸ் தனக்குப் பிடித்த பெயரை அடிக்கோடிட்டான். முப்பத்தொரு சீட்டுகள் செல்லாமல் போயின. இனி வாசகர் கையில் காகிதம் கொடுப்பதில்லை என்று சங்கம் முடிவெடுத்து இயந்திரம் வாங்கியது. இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும் எனச் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகச் சீட்டு அச்சடிக்கும் பெட்டி ஒன்றையும் வாங்கி இணைத்தார்கள். காகிதம் உண்டு, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால்.

இந்தத் தடவை போட்டி நூல் தேர்வுச் செயலாளர் பதவிக்கு. ஒருபக்கம் ஜாஸ்லின். தில்லை நகர் ஆய்வகம் ஒன்றில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொடுக்கும் கவுன்ட்டரில் வேலை செய்பவள். இம்தியாஸைவிட மூன்று வயது மூத்தவள். நூலகத்தின் மொழிபெயர்ப்பு அலமாரி இருக்கும் இடத்திலேயே இருக்கும் என்பது அவளுடைய வாக்குறுதி. எதிரில் சின்னையன். வென்ற அடுத்த வெள்ளிக்கிழமையே அந்த அலமாரியைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டு போட்டித் தேர்வு கைடுகளை அடுக்குவேன் என்று நோட்டீசே அடித்திருந்தார். புத்தகச் சின்னத்தை இருவரும் கேட்டதால் யாருக்கும் தரவில்லை. ஜாஸ்லினுக்கு மண்வெட்டி, சின்னையனுக்குத் தையல் இயந்திரம்.

அலமாரியின் மூன்றாவது தட்டில் பனியில் வழிதவறிய தபால்காரர் ஒருவரைப் பற்றிய மூன்று பாக நாவல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்கலாம், வீட்டுக்குத் தரமாட்டார்கள். இம்தியாஸ் மூன்றாம் பாகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தான். எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்பதை ஜாஸ்லினிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அன்று சாயங்காலமே இயந்திரம் முடிவைச் சொன்னது. சின்னையன் நூற்றேழு. ஜாஸ்லின் நூற்றாறு.

பல் மருத்துவமனை வாசலில் ஜாஸ்லின் ஸ்கூட்டியின்மேல் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஒரு ஓட்டு இம்தியாஸ். ஒரே ஒரு ஓட்டு. நீ எனக்குத்தானே போட்ட?"

"அப்படித்தான் எண்ணுறேன்."

"எண்ணுறியா?"

"மண்வெட்டிதான் அழுத்தினேன். அழுத்தின மாதிரிதான் இருந்துச்சு."

"சீட்டுல என்ன வந்துச்சு?"

இம்தியாஸ் ரயிலைப் பற்றிச் சொன்னான். ஜாஸ்லின் கேட்டு முடித்துவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். "எங்க லேப்ல உன்ன மாதிரி ஒருத்தர் வந்தாரு. ரிப்போர்ட்டத் திறந்து பாக்காமலே ஒரு வருஷம் சுகர் இல்லன்னு இருந்தாரு" என்றாள்.

ராத்திரி முழுக்க அவனுக்கு இரண்டே வழிகள்தான் தெரிந்தன. தன் கட்டைவிரல் தையல் இயந்திரத்தில் பட்டிருந்தால் அலமாரியைக் கொன்றவன் அவன். படவில்லை என்றால் இயந்திரம் பொய் சொல்கிறது. எது என்று தெரிந்தால் போதும் என்று செவ்வாய்க்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனான். சங்கத்தின் தேர்தல் அலுவலகம் அங்கே இருந்தது. நடுவில் காவிரி இருந்தால்தான் தேர்தல் அலுவலகம் சுதந்திரமாக இயங்கும் என்பது விதி. சுதந்திரமாகத்தான் இயங்கியது. செவ்வாய், வியாழன், பதினொன்று முதல் பன்னிரண்டு வரை.

தேர்தல் அலுவலர் வகுளாபரணம் ஏதோ ஒரு துறையில் ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று சொன்னதில்லை. 'துறையில் இருந்தபோது' என்றுதான் தொடங்குவார். அவர் மேசையில் இரண்டு படிவங்கள் இருந்தன.

"சீட்டைப் பாத்தேன், சரியா இருந்ததுன்னா படிவம் அ. பாத்தேன், தப்பா இருந்ததுன்னா படிவம் ஆ. எது வேணும் தம்பி?"

"நான் பாக்கலைங்க."

வகுளாபரணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனைப் புதிதாகப் பார்த்தார். "பாக்காதவாளுக்குப் படிவம் இல்லையே. பாத்தவாதானே இங்கே வருவா."

"பாத்துட்டா நான் ஏன் சார் வரப்போறேன்?"

"இது சரிபார்ப்பு அலுவலகம். சரிபார்ப்புன்னா என்ன? சரின்னு பாக்கறது. தப்புன்னு பாக்கறதுக்கு வேற அலுவலகம் வேணும், அது இன்னும் ஏற்படலை. நீங்க ரெண்டுமே பாக்கலை. அடியேன் உங்களை எந்த ஃபைல்ல வைப்பேன்?"

"அந்தப் பெட்டியத் திறந்து சீட்டெல்லாம் எண்ணிப் பாத்தா..."

"பெருமாள் சந்நிதியிலே எத்தனை நாழி நிக்க விடறா? கூட்டமா இருந்தா ரெண்டு வினாடி. உங்களுக்கு ஏழு குடுத்திருக்கோம். உள்ளே போய்க் கண்ணை மூடிண்டு நின்னவன், வெளியிலே வந்து இன்னொரு தரம் சேவிக்கணும்னு மனு குடுக்கலாமோ?"

இம்தியாஸ் யோசித்தான். "இல்லைங்க. ஆனா சாமி அங்கேயேதானே இருக்கும். மறுபடி வரிசையில நின்னாப் பாத்துடலாம்ல?"

வகுளாபரணம் இரண்டு படிவங்களையும் தட்டி நேராக அடுக்கினார். பிறகு, "வரிசை வைக்க இங்கே இடவசதி இல்லை" என்றார்.

கடைசியில் படிவம் ஆ-வை இரண்டு பிரதிகளாகக் கொடுத்தார். அதில் 'பார்த்தேன்' என்பதை அடித்துவிட்டு 'பார்த்திருக்க வேண்டியவன்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். கீழே சின்ன எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. புகார் பொய்யென்று தெரிந்தால் உறுப்பினர் பதவி பறிக்கப்படும், நூலகப் படியேறும் உரிமை ஆயுளுக்கும் ரத்தாகும். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தபால்காரர் ஒரு கதவைத் தட்டியிருந்தார். திறந்தது யாரென்று இன்னும் தெரியாது. கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை மாலை நூலகத்தில் சிறப்புக் கூட்டம். தலைவர் தைரியராஜ் முன்னாள் பேராசிரியர். ஒலிபெருக்கி இருக்கிறதோ இல்லையோ, அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். காற்றைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நண்பர்களே, சங்கம் நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நம்பிக்கை என்றால் என்ன? சரிபார்க்காமல் ஏற்பது. சரிபார்த்துவிட்டால் அது வெறும் தகவல். இங்கே சிலர் நம் உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பறித்துக்கொண்டு அதற்குப் பதிலாகத் தகவலைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். அதை அனுமதிக்க மாட்டேன்."

கைதட்டல். ஜாஸ்லின் எழுந்தாள்.

"சார், மொத்தமே இருநூத்திப் பதிமூணு சீட்டு. நாலு பேர் உக்காந்தா கால் மணி நேரம். எண்ணிடலாமே."

"அம்மா, அந்தச் சீட்டுகள் எதற்காக அச்சடிக்கப்படுகின்றன?"

"எண்ணிப் பாக்கத்தான்."

"தவறு. எண்ண முடியும் என்பதற்காக. எண்ண முடியும் என்று உலகுக்கே தெரிந்தபிறகு, எதற்கு எண்ணுவது?"

இருந்தாலும் சங்கம் வெளிப்படையானது என்பதால் மாதிரிச் சோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். பயன்படுத்திய இயந்திரங்களில் ஐந்து சதவீதத்தைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. சங்கத்திடம் இருந்தது ஒரே இயந்திரம். அதில் ஐந்து சதவீதம் எவ்வளவு என்று அரைமணி நேரம் விவாதித்து மூடி என்று முடிவு செய்தார்கள். மூடியைக் கழற்றினார்கள், பார்த்தார்கள், மாட்டினார்கள். மூடி குறையின்றி இருந்தது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

அடுத்தது புகார்தாரர் பரிசோதனை வாக்கு போட வேண்டும். எல்லோர் முன்னாலும் இம்தியாஸை இயந்திரத்திடம் அழைத்துப் போனார்கள். இந்தத் தடவை விடுவதில்லை என்று அவன் இயந்திரத்தை நெருங்குவதற்கு முன்பிருந்தே கண்ணைச் சிமிட்டாமல் வைத்துக்கொண்டான். மண்வெட்டியை அழுத்தினான். விளக்கு எரிந்தது. அதற்குள் கண்ணில் எரிச்சலெடுத்து நீர் திரண்டு, ஜன்னல் முழுக்கப் பனி மூடியது போலாகிவிட்டது.

"என்ன தெரிஞ்சது?" என்றார் வகுளாபரணம்.

"அழுகை வந்துடுச்சு சார்."

"புகார்தாரர் மனம் உருகினார்னு எழுதிக்கோங்கோ" என்றார் அவர் பக்கத்தில் இருந்தவரிடம். பரிசோதனைச் சீட்டைத் தனியே எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் குத்திவைத்தார்.

அப்புறம் நடந்தவற்றை இம்தியாஸ் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்குப் பனி என்றதும் தபால்காரர் வந்துவிட்டார். ஜாஸ்லின் விடாமல் சண்டை போட்டதும், வெள்ளிக்கிழமை அலமாரி போவதற்கு முன் சீட்டுகளை எண்ணியே ஆக வேண்டும் என்று பாதிக் கூட்டம் அவள் பக்கம் திரும்பியதும், வேறு வழியில்லாமல் தைரியராஜ் 'முதலில் பாதுகாப்பு, பிறகு எண்ணிக்கை' என்று ஒரு தீர்மானம் போட்டதும் அவன் காதுபட நடந்தவைதான். பலத்த கைதட்டலில் விழித்துத் தானும் தட்டினான்.

என்ன தீர்மானத்துக்குத் தட்டினோம் என்பது வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரிந்தது. வகுளாபரணம் அரக்கு முத்திரை வைத்த பெட்டியோடும் தீர்மானப் புத்தகத்தோடும் ஆட்டோவில் கடை வாசலில் இறங்கினார்.

"இருநூத்திப் பதிமூணு. ஒவ்வொரு வாக்கும் தனி வாக்கு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா லேமினேட் பண்ணணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எண்ணிக்கை. மூணு கடையிலே விசாரிச்சோம். சீட்டு அளவுக்கு உறை வச்சிருக்கறது இங்கேதான்."

அவர் முத்திரையை உடைத்துத் திறந்ததும் இம்தியாஸ் ஒரு சீட்டைத் தொட்டுப் பார்த்தான். ஏடிஎம்மில் வருகிற மாதிரி வழவழவென்ற தாள்.

"சார், இது சூடு பட்டா எழுத்து வர்ற பேப்பர். லேமினேஷன் மெஷின் முழுக்கச் சூடு. உள்ள போனா மொத்தமும் கருப்பாயிடும்."

"தீர்மானத்திலே கருப்பாகும்னு இல்லையே."

காஜா மைதீனும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "ஆமாங்க. இதுல லேமினேஷன் போட்டா கரிக்கட்டைதான்."

இம்தியாஸ் பரிசோதனைச் சீட்டை மட்டும் முதலில் போட்டுக் காட்டுவதாகக் கெஞ்சினான். வகுளாபரணம் அதற்கு ஒப்புக்கொண்டார். ஒரு பக்கம் மண்வெட்டியாகப் போன சீட்டு மறுபக்கம் அமாவாசையாக வெளியே வந்தது. அவர் அதை இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தீர்மானம் என்ன சொல்றது? நிரந்தரமாகப் பாதுகாக்கணும். இது இனிமே அழியுமா?"

"அழியாது சார். அழிஞ்சு முடிஞ்சாச்சு."

"அப்போ நிரந்தரம்தானே. ஆகட்டும்."

"முதல்ல எண்ணிட்டு அப்புறம் போடலாமே சார்."

"எண்ணிக்கை அஞ்சு மணிக்கு. பாதுகாப்பு அதுக்கு முன்னாடி. வரிசையை மாத்த அடியேனுக்கு அதிகாரம் இல்லை."

இருவருடைய செல்போனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து பேப்பரைப் பிரித்தார். மாமா தோளைக் குலுக்கினார். "கஸ்டமர் சொல்லிட்டாரு மாப்ளே. நீ போடலைன்னா அடுத்த தெருவுல போடுவாங்க."

இம்தியாஸுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஒவ்வொரு சீட்டும் தன் கையால் உறைக்குள் போய்த்தான் கருப்பாக வேண்டும். போகும்போது பார்த்துவிட்டால் போதும். எண்ணிக்கொண்டே போட்டுவிடலாம். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்காவது உண்மை தெரிந்திருக்கும்.

"சார், எழுத்துப் பக்கம் என் கண்ணுல படுமே. பரவாயில்லையா?"

வகுளாபரணம் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மத்தவாளா இருந்தா யோசிப்பேன். நீங்க பாத்தாலும் பாக்க மாட்டேள்."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அனுமதி அனுமதிதான். வீணான ஜெராக்ஸ் தாள் ஒன்றை இழுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் மண்வெட்டி, வலப்பக்கம் தையல் இயந்திரம் என்று பிரித்துக்கொண்டான். சீட்டை எடுப்பான், பார்ப்பான், கோடு போடுவான், உறைக்குள் வைப்பான், உருளைக்குள் விடுவான். மறுபக்கம் கருப்பாக வரும். ஐம்பது தாண்டியது. நூறு தாண்டியது. பின்னால் பஸ் நிலையத்தில் துறையூர், துறையூர் என்று கண்டக்டர் கூவினார். இம்தியாஸ் திரும்பவில்லை. ஒரு அம்மாள் ரேஷன் அட்டை நகலெடுக்க வந்து நின்றாள். திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். நூற்றைம்பது. இருநூறு. மண்வெட்டி ஒன்று ஏறும், தையல் இயந்திரம் எட்டிப் பிடிக்கும். இருநூற்றுப் பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

இடப்பக்கம் நூற்றாறு. வலப்பக்கம் நூற்றாறு. இன்னும் ஒரு சீட்டு.

இம்தியாஸ் நிமிர்ந்து மூச்சு விட்டான். இதோ, தெரியப்போகிறது. மண்வெட்டியாக இருந்தால் நேராக ஆய்வகத்துக்குப் போவான். கவுன்ட்டரில் வரிசை நிற்கும். வரிசையை விலக்கிக்கொண்டு போய், 'நீங்கதான் ஜெயிச்சீங்க' என்பான். அவள் தலையை நிமிர்த்துவாள். அவள் ஒரு கம்பளிக் கோட்டு போட்டிருப்பாள். ஏசி அதிகம் என்பதால் போட்டிருக்கலாம். அவளுக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தில்லை நகர் பத்தாவது கிராஸ் முழுக்க மெதுவாகப் பனி இறங்கி ஆட்டோக்களின் மேல் படியும்...

உருளை நின்ற சத்தம் கேட்டது.

கை பழக்கத்தில் தன் வேலையை முடித்திருந்தது. தட்டில் கடைசிச் சீட்டு கருப்பாகச் சூடாகக் கிடந்தது.

"ஆச்சா?" என்றார் வகுளாபரணம்.

மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் எண்ணிக்கை ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தைரியராஜ் காற்றைத் தட்டினார்.

"நண்பர்களே, இருநூற்றுப் பதிமூன்று சீட்டுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு சீட்டுக்கும் இன்னொரு சீட்டுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. முரண்பாடு பூஜ்யம். ஒற்றுமை நூறு சதவீதம். இயந்திரத்தின் முடிவுக்கு எதிராக இவற்றில் ஒரு எழுத்துகூட இல்லை என்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம். இம்தியாஸின் புகார் பொய்யுமல்ல, மெய்யுமல்ல என்பதால் அவர் உறுப்பினராகத் தொடர்வார். அலமாரி திட்டமிட்டபடி நாளை போகும். வாக்களித்த ஒவ்வொருவரும் ஒரு சீட்டை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லலாம். யாருடையது யாருக்குப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. ரகசியம் காக்கப்பட்டது."

கைதட்டல் ஓய்ந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று கருப்புச் சீட்டு வாங்கினார்கள். வரிசைக்கு அங்கே இடவசதி இருந்தது.

படிக்கட்டில் ஜாஸ்லின் அவனைப் பிடித்தாள். அவள் கைப்பை கனத்துத் தொங்கியது.

"உன் கடையிலதானே போட்டாங்க? நீதானே போட்ட?"

"ஆமா."

"கருப்பாகறதுக்கு முன்னாடி பாத்தியா? எண்ணினியா?"

"எண்ணினேன்."

அவள் ஒரு படி இறங்கி வந்தாள். "எத்தனை?"

"உங்களுக்கு நூத்தாறு. அவருக்கு நூத்தாறு."

"அப்ப மிச்சம் ஒண்ணு இருக்கே. அது?"

இம்தியாஸ் கையிலிருந்த கருப்புச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இருபக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது.

"அப்ப எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"அதான் கேக்கறேன், எண்ணிக்கிட்டு இருந்தேல்ல, அந்த ஒண்ணு என்னது?"

"அந்த எண்ணறது இல்லைங்க" என்றான் இம்தியாஸ்.

ஜாஸ்லின் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு வினாடி இருக்கும். திட்டப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் கைப்பையைத் திறந்து மூன்றாம் பாகத்தை எடுத்தாள். வீட்டுக்குத் தராத புத்தகம். அட்டையில் அலமாரி எண் ஒட்டியபடியே இருந்தது.

"நாளைக்கு எடைக்குப் போறதுதானே. இது ஒண்ணு கொறஞ்சா எவனும் எண்ணிப் பாக்கப் போறதில்ல" என்றாள். "இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்தானே?"

அவன் கையிலிருந்த கருப்புச் சீட்டைப் பிடுங்கி அந்தப் பக்கத்தில் அடையாளமாகச் செருகிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

இம்தியாஸ் படியிலேயே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தான். கதவைத் திறந்தது யாரென்று பார்ப்பதற்கு முன், சீட்டை ஒருதரம் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.